முப்பத்தொன்றாம் டோக்கன்

ஐப்பசி 3, வியாழன்

விடிந்ததிலிருந்து தூறல். முதுநகர் இறால் உரிக்கிற ஷெட்டில் வரத்து குறைவு. ஐஸில் விரல் மரத்துவிட்டது. தைலம் வாங்கணும்.

மேனேஜர் வந்தார். ஷெட்டைச் சிதம்பரம் பக்கம் மாற்றலாமா என்று முதலாளிக்கு யோசனையாம். இன்டர்நெட்டில் கம்பெனிக்கென்று ஒரு பக்கம். அதில் இறால் உரிக்கிறவர்களும் கருத்துச் சொல்லலாமாம். "டைப் அடிக்கத் தெரியாதவுங்க ஆபீஸ்ல சுகந்திகிட்ட சொல்லுங்க, அது அடிச்சிடும்."

பக்கத்துப் பலகை செல்வி: "என்னைக் கட்டிக் குடுத்தப்பகூட யாரும் என்னைக் கேக்கல. கம்பெனி கேக்குது பாரு."

சிதம்பரம் என்றால் விடியுமுன் இரண்டு பஸ். என் முழங்காலுக்கு ஆகாது. ஷெட் போனால் வேலையும் போச்சு.

ஐப்பசி 4, வெள்ளி

சுகந்தியிடம் சொன்னேன்: "ஷெட்டு இங்கயே இருக்கட்டும். மீன்பிடி போட்டுங்க வர்றது இங்கதான." அடித்தாள். திரையில் என் பேச்சு. பக்கத்தில் ராஜகுமாரி முகம்.

ராஜகுமாரி செத்து இரண்டு வருஷம். எனக்குக் கண் மங்கிப்போச்சு என்று போட்டுக்கொடுத்து, பதினோரு வருஷம் முன்னால் என்னை வெளியே அனுப்பியவள். அவள் செத்தபின், கண் ஆபரேஷன் முடித்து வந்தேன். எனக்குக் கிடைத்தது அவள் பலகை, அவள் டோக்கன் 31. இங்கே எண்தான் கூப்பிடுவார்கள். ரிஜிஸ்தரில் பேரும் போட்டோவும் மாற்றவே இல்லை. அதையே கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்கள்.

"அப்பறம் மாத்திக்கலாம் ஆயா."

பன்னிரண்டு பேருக்குப் பிடித்திருக்கிறதாம். என் வார்த்தைக்கு அவளுக்குப் பெருமை.

ஐப்பசி 11, வெள்ளி

தீபாவளி லீவு முடிந்து ஷெட் திறப்பு. லீவில் ராஜகுமாரி பேரில் இன்னொரு வரி ஏறியிருக்கிறது. சுகந்தி படித்தாள்:

"குழாயடியில சொன்ன மாதிரியே உக்காந்துட்ட. போதும், எழுந்திரு."

"நான் அடிக்கல ஆயா, சத்தியமா. நான் ஊர்லயே இல்ல." பாஸ்வேர்டு டோக்கன் எண்தான், எல்லாருக்கும் தெரியும். யாராவது விளையாடியிருக்கலாம்.

ஆனால் என்னை அனுப்பிய அன்று குழாயடியில் நாங்கள் இரண்டே பேர். "உன் பலகையில ஒருநாள் உக்காருவேன்டி, எழுந்திருக்க மாட்டேன்" என்றேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை. இந்த நோட்டில்கூட இன்றுதான்.

"அழிச்சிடட்டுமா ஆயா?"

"வேணாம். பதில் அடி. எழுந்திருக்க மாட்டேன்."

அதுவும் அவள் முகத்தோடுதான் ஏறியது.

ஐப்பசி 14, திங்கள்

மழை இல்லை. கால் வீக்கம்.

முடிவு வந்துவிட்டது. பாதி ஷெட் சிதம்பரம் பக்கம். இங்கேயே இருக்கட்டும் என்று இன்டர்நெட்டில் எழுதியவர்களுக்கு இங்கே வேலை, மற்றவர்களுக்கு அங்கே. மேஸ்திரி கையில் லிஸ்ட். இன்றிலிருந்து எண் இல்லை, பேர்.

செல்வி பேர் வந்தது. என் பேர் வரவில்லை.

"ராஜகுமாரி."

செல்வி என் பக்கம் திரும்பினாள்.

"ராஜகுமாரி. இல்லன்னா பேரை அடிச்சிடறேன்." பேனாவைத் திறந்தார்.

"இருக்கேன்" என்றேன்.

செல்வி கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "ஆயா, இன்னொரு தபா சொல்லாத. அந்தக்கா கொரலு அப்படியே."