நரையோடு ஒரு நேர்முகம்

செவ்வாய்க்கிழமை, இரவு.

எலும்பு, தசை நோவுகளைக் கையாலேயே நீவிக் குணப்படுத்தும் ஒஸ்டியோபதி வைத்தியம் படிப்பிக்கும் கல்லூரியில் இன்று எனக்கு நேர்முகம். காத்திருந்த அறையில், லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து மகளை நேர்முகத்துக்குக் கூட்டி வந்த ஒரு பெண் பக்கத்தில் இருந்தார்.

"உங்கட பிள்ளையை உள்ளுக்குக் கூப்பிட்டாச்சோ?"

"பிள்ளை இல்லை அக்கா. நான்தான் படிக்கப் போறன்."

அவர் என் நரையைப் பார்த்தார். நாற்பத்தாறு வயதில் ஏன் என்று உள்ளேயும் கேட்டார்கள். சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். அவர்கள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

நான் வெளியே வந்தபோது அந்தப் பெண்ணின் மகள் உள்ளே போனாள். அவர் தன் தோளைத் தடவினார்.

"இந்தக் கையைத் தூக்க ஏலாமல் கிடக்கு. நீங்கள் படிச்சு முடிச்சாச் சொல்லுங்கோ, வாறன்."

"உங்கட மகளும் படிக்கப் போறாதானே?"

"அவ சின்னப் பிள்ளை. நோவெண்டா என்னெண்டு அவவுக்குத் தெரியாது."

இடம் கிடைக்குமோ தெரியாது. அவருடைய போன் நம்பரை வாங்கி வந்திருக்கிறேன்.