கோழி நெஞ்சும் மீன்காரியின் விரலும்

எயார் ஃப்ரையரின் மணி இப்போதுதான் அடித்தது. நான் கூடையை இழுத்துப் பார்க்கவில்லை. மணி அடித்தவுடன் பார்க்கக்கூடாது என்பது நீ போட்ட சட்டம். உள்ளே ஒரு கோழி நெஞ்சுத் துண்டு தன் சூட்டிலேயே கிடக்கிறது. அது ஆறும்வரை சும்மா இருக்க முடியாமல் ஒரு கடதாசிப் பையைக் கிழித்து விரித்து உனக்கு எழுதத் தொடங்கிவிட்டேன். குசினி முழுவதும் மிளகும் உள்ளிப்பூண்டும் சேர்ந்த மெல்லிய மணம். கடைசியில் உனக்குக் குமட்டாமல் இருந்த மணம் இது ஒன்றுதான்.

புதுக்குடியிருப்புச் சந்தையில் உன் மீன் மேசைக்கும் என் கோழிக்கடைக்கும் நடுவே ஒரு வாய்க்கால் ஓடியது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நாயாற்றுக் கடற்கரையிலிருந்து விடியற்காலையில் வரும் மீன், இந்தப் பக்கம் கூண்டோடு இறங்கும் புறொய்லர் கோழி. உன் மேசைக்குப் போகிறவர்களை நான் கூப்பிடுவேன், என் கடைக்கு வருகிறவர்களை நீ கூப்பிடுவாய்.

"தம்பி, அதென்ன கோழி? நாப்பது நாளில ஊதின பஞ்சு. இங்கால வாங்கோ, இது கடல் வளர்த்தது."

"ஓம் தம்பி, கடல் வளர்த்ததுதான். வளர்த்து நாலு நாளாச்சு. செவுளைத் தூக்கிப் பார்த்திட்டு வாங்கோ."

இப்படிக் கத்தியே பன்னிரண்டு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் பிழைத்தோம். நீ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, கோழிக்காரி என்பாய். நான் உன்னை மீன்காரி என்பேன். சந்தையில் ஒருவருக்கும் நாங்கள் சிநேகிதிகள் என்று தெரியாது. தெரிந்திருந்தால் இரண்டு பேருக்கும் வியாபாரம் படுத்திருக்கும்.

பிறகு உனக்கு அந்த வருத்தம், புற்றுநோய், வந்தது. யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றத் தொடங்கி இரண்டாம் மாதம் நீ மேசைக்கு வந்து, பாரைமீன் ஒன்றைக் கையில் எடுத்தாய். எடுத்த கையோடு வாய்க்கால் பக்கம் குனிந்து ஓங்காளித்தாய். பிறந்ததிலிருந்து மூச்சோடு இழுத்த மணம் உன்னையே வெளியே தள்ளியது. அன்று நான் உன்னைப் பார்த்துக் கத்தவில்லை. அதுதான் உனக்குப் பெரிய பயத்தைக் கொடுத்தது என்று பிறகு சொன்னாய். "நீ கத்தாமல் நிண்டோன்ன, நான் சாகப்போறன் எண்டு விளங்கிச்சுது."

மீன் போனது. தாளித்த மணம், பொரித்த மணம், தேங்காய்ப்பால் எல்லாமே போயின. டொக்டர் உன் நிறையைப் பார்த்துவிட்டு, நாற்பது கிலோவுக்குக் கீழே இறங்கினால் அடுத்த மருந்தை ஏற்றமாட்டோம், உடம்பு தாங்காது என்றார். இறைச்சி, முட்டை, பருப்பு என்று எதையாவது சாப்பிட்டே ஆகவேண்டும். எண்ணெய் வேண்டாம். அரைவேக்காடு மட்டும் கூடவே கூடாது, கிருமி பிடித்தால் ஆபத்து. அப்போது உன் நிறை நாற்பத்தொரு கிலோ. அடுத்த மருந்துக்கு ஐந்து வாரம் இருந்தது.

கனடாவிலிருந்து உன் தங்கை இந்த இயந்திரத்தை அனுப்பினாள். எண்ணெயில்லாமல் சமைக்கும், புகை இல்லை, மணமும் குறைவு. உன் மனுசன் கடலுக்குப் போய்விடுவார். அதனால் பின்னேரம் கடையைப் பூட்டிவிட்டு நான்தான் வருவேன். வரும்போது நெஞ்சுத் துண்டோடு வருவேன். உண்மையைச் சொல்கிறேன், அதில் என் வியாபாரப் புத்தியும் இருந்தது. சந்தையில் எல்லோரும் கோழிக்காலைத்தான் கேட்பார்கள். நெஞ்சு மிஞ்சும்.

"மிஞ்சினதையோ எனக்குக் கொண்டு வாறாய்?" என்று கேட்டாய்.

"மிஞ்சினதுதான். கொழுப்பில்லை, தோலில்லை. உனக்கெண்டே மிஞ்சியிருக்கு."

முதல்நாள் தேசிக்காய்ப் புளி பிழிந்து காலையிலிருந்தே ஊறவைத்து, கறிக்கு வெட்டுவதுபோலச் சின்னதாக வெட்டி, இருபத்தைந்து நிமிடம் வைத்தேன். நீ ஒரு துண்டை வாயில் போட்டு மென்றாய், மென்றுகொண்டே இருந்தாய். மருந்தால் உன் வாயில் எச்சில் ஊறுவதும் நின்றிருந்தது. கடைசியில் அதைக் கையில் துப்பி என்னிடம் காட்டினாய்.

"இதென்னடி, தும்புத்தடியோ? விழுங்கேலாமல் கிடக்கு."

இறுகிக் கிடந்தால் இன்னும் வேகவேண்டும், இதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு. எங்கள் வீடுகளில் ஊர்க்கோழியை அப்படித்தான் செய்வோம். முற்றிய பேடு இறுகிக் கிடந்தால் இன்னும் ஒரு விறகைத் தள்ளிவிடுவோம், ஒரு மணித்தியாலத்தில் எலும்பு கழன்று வரும். அதனால் அடுத்தநாள் முப்பது நிமிடம் வைத்தேன். அதற்கடுத்த நாள் முப்பத்தைந்து. அரைவேக்காட்டுப் பயமும் பின்னால் நின்று தள்ளியது. ஒவ்வொரு நாளும் அது முந்தினநாளைவிடக் கட்டையாக வந்தது. உன் நிறை நாற்பதரைக்கு இறங்கியது.

அப்போதுதான் கதிரையில் சாய்ந்திருந்தபடி நீ ஒரு கேள்வி கேட்டாய். பன்னிரண்டு வருஷமாகக் கோழி விற்ற எனக்கு ஒருநாளும் வராத கேள்வி அது.

"கோழிக்காரி, உயிரோட இருக்கேக்க அந்த நெஞ்சில தண்ணி இருந்ததுதானே?"

"இருந்தது."

"நீ வெட்டிக் கொண்டுவரேக்கையும் ஈரமாத்தானே இருந்தது?"

"ஓம்."

"அப்ப அந்தத் தண்ணி எங்க போச்சுது?"

வாடிக்கையாளர் கேட்டால், நெஞ்சு என்றால் சக்கைதான், அது அதன் குணம் என்று சொல்லி அனுப்பியே பழகியிருந்தேன். நீ எழுந்து வந்து கூடையைக் கழற்றிக் கீழ்த்தட்டைப் பார்த்தாய். அங்கே கொஞ்சம் நீர் காய்ந்து பழுப்பாய் ஒட்டியிருந்தது. "இஞ்ச கிடக்கு," என்றாய். "எனக்கு வரவேண்டியது சட்டிக்குப் போயிருக்கு." உனக்கு வருத்தம் என்பதையே அந்த நேரம் மறந்துபோனாய். வலையில் என்ன விழுந்திருக்கிறது என்று குனிந்து பார்க்கிற ஆளின் முகம் உனக்கு.

இரண்டு நாள் கழித்துக் கரண்ட் போனது. துண்டாக வெட்டாமல் முழு நெஞ்சை வைத்துப் பதினைந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. நான் மின்சாரக்காரரைத் திட்டினேன். கரண்ட் வந்ததும் மிச்சத்தைப் போடுவோம் என்று கூடையைத் திறக்காமலே விட்டேன். அந்த இடைவேளையில் நீ நாயாற்று வலையில் ஒருமுறை ஆமை அகப்பட்ட கதையைச் சொன்னாய். அதை விடுவிக்கப் போன உன் மாமனாரின் இடுப்புச் சாரத்தை ஆமை கவ்விக்கொண்டு விடவில்லை. மனுசன் சாரத்தை ஆமைக்கே கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார் என்று நீ சொல்லி முடித்தபோதும் கரண்ட் வரவில்லை.

"பச்சையாக் கிடக்கும், எறிவம்," என்றேன்.

"எறியாதை. வெட்டிப் பார்."

வெட்டினேன். நடுவரைக்கும் வெள்ளை, எங்கேயும் சிவப்பு இல்லை. கத்தி இறங்கிய இடத்தில் நீர் தெளிவாக ஊறிக் சாப்பாட்டுக் கோப்பையில் படர்ந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

நீ கையை நீட்டினாய். நான் கோப்பையைப் பின்னுக்கு இழுத்தேன். "வேண்டாமடி. ஏதும் ஒண்டு நடந்தால் உன்ர மனுசனுக்கு நான் என்ன சொல்லுறது?" ஒரு துண்டை நானே தின்றேன். பன்னிரண்டு வருஷத்தில் நான் விற்ற கோழியின் நெஞ்சு அப்படி மிருதுவாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். உனக்குத் தரமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றேன், நீ என்னைத் திட்டினாய். திட்டிக்கொண்டே விரலை நீட்டி அந்த இறைச்சியின் மேல் அழுத்தினாய். மேசையில் மீன் பழுதா என்று பார்க்க அழுத்துவாயே, அந்த விரல். அழுத்தின குழி மெல்ல எழும்பி வந்தது.

"இது கோழியில்லையடி," என்றாய். "இது மீன்."

எனக்கு விளங்கவில்லை.

"மீனை அரை மணித்தியாலம் சுடுவியோ? கொஞ்சம் பிந்தினால் அறக்குளா மீன் மாப்போலப் போயிடும். உன்ர ஊர்க்கோழி ஓடித் திரிஞ்சது, அதுக்கு நெருப்பு வேணும். இது கூட்டுக்குள்ள இருந்து தீன் திண்டது. இதுக்கு எலும்புமில்லை, கொழுப்புமில்லை, உரமுமில்லை. மீனை வைக்கிற மாதிரி வை."

கோழிக்கடைக்காரிக்கு மீன்காரி கோழி சொல்லித் தருகிறாள் என்று எனக்கு ரோசம் வந்தது. இருந்தாலும் அரைவேக்காட்டை விரலை நம்பி விடமுடியாது. இறைச்சிக்குள் குத்திப் பார்க்கிற வெப்பமானி ஒன்றைக் கொழும்பிலிருந்து வரவழைத்தேன். நடுவில் எழுபத்தைந்து பாகை காட்டினால் பயமில்லை என்று ஆஸ்பத்திரித் தாதியிடம் கேட்டு உறுதிப்படுத்தினேன். அதற்குப் பிறகு உன் குசினியில் ஒவ்வொரு பின்னேரமும் போட்டிதான். முதலில் நீ விரலால் அழுத்தி, "வெந்திட்டுது" அல்லது "இன்னும் இல்லை" என்பாய். பிறகு நான் குத்திப் பார்ப்பேன். முதல் வாரம் மூன்று தடவை தோற்றாய். பிறகு நீ தோற்கவே இல்லை. ஆனாலும் வெப்பமானி சொல்லாமல் நான் உனக்குப் பரிமாறியதில்லை, அதற்கும் திட்டினாய்.

ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தோம். ஒரு பக்கம் தடிப்பும் ஒரு பக்கம் மெல்லிசுமாக இருந்தால் மெல்லிசு காய்ந்து போகிறது. குழவியால் மெதுவாகத் தட்டிச் சமனாக்கினோம். நாள் முழுக்கத் தேசிக்காய்ப் புளியில் கிடந்தால் மேற்புறம் சுண்ணாம்பு மாதிரி ஆகிறது. அதனால் புளியைப் பரிமாறும்போது மட்டும் பிழிந்தோம். உப்பில்தான் உனக்குச் சந்தேகம் வந்தது. உப்புப் போட்டால் கருவாட்டு மீன் தண்ணீர் விடும், கோழியும் விடாதா என்று கேட்டாய். உப்பும் மிளகும் உள்ளியும் தடவிய துண்டைக் கோப்பையில் வைத்துவிட்டு முக்கால் மணித்தியாலம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். முதலில் மேலே துளித் துளியாகத் தண்ணீர் வந்தது. பிறகு அது காணாமல் போனது.

"விட்ட தண்ணியைத் திருப்பிக் குடிச்சிட்டுதடி!" என்று குழந்தைப்பிள்ளை மாதிரிக் கத்தினாய்.

நூற்றெண்பது பாகையில் பதினான்கு நிமிடம், ஏழாவது நிமிடத்தில் ஒரு புரட்டல். மணி அடித்ததும் தொடாமல் அப்படியே விடுவது. அந்த விடுகிற நேரத்துக்கு நாங்கள் மணிக்கூடு பார்த்ததில்லை. நீ ஒரு கதை சொல்வாய். ஒரு சூடை மீனுக்கு மூன்று கடையில் விலை கேட்டுவிட்டு வாங்காமல் போன வாத்தியார், உன் கலியாணத்தன்று கரைக்கு வந்த புயல் என்று ஏதாவது ஒன்று. கதை முடிந்தால் இறைச்சி சரி. முதலில் நாலு துண்டு சாப்பிட்டாய். பத்து நாளில் ஒரு முழு நெஞ்சு. மெல்லத் தேவையில்லை, நாக்கால் அமத்தினாலே போகுது என்றாய்.

மருந்துக்கு முதல்நாள் உன்னைக் கடைக்குக் கூட்டிவந்து கோழித்தராசில் ஏற்றினேன். பக்கத்தில் தீன் மூட்டை, பின்னால் கூண்டு. ஊசி ஆடி ஆடி நாற்பத்திரண்டைத் தாண்டி நின்றது. நான் தராசைத் தட்டி இன்னொருதரம் பார்த்தேன். நீதான் சந்தை கேட்கச் சத்தமாகச் சொன்னாய்: "தோலோட நிறுக்கிறாள்! ஏமாந்து போயிடாதேங்கோ!"

அந்த மருந்தையும் அதற்குப் பிறகு இன்னும் மூன்றையும் ஏற்றினார்கள். ஒன்றரை வருஷம் மேசைக்குத் திரும்பி வந்து என் வாடிக்கையாளர்களைப் பிடித்தாய். மீன் மணம் உனக்குத் திரும்பிவந்த அன்று வாய்க்காலைத் தாண்டி வந்து, உரித்துவைத்த என் கோழிக்குப் பக்கத்தில் ஒரு திருக்கையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனாய். பிறகு வருத்தமும் திரும்பி வந்தது. இரண்டாம் முறை கோழி நெஞ்சால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நீ போன பிறகு உன் மனுசன் இயந்திரத்தை என்னிடம் தந்துவிட்டு, "இதை உங்களைத் தவிர வேற ஆருக்கும் பாவிக்கத் தெரியாது," என்றார்.

இன்று காலை புதிதாய்க் கலியாணம் கட்டிய ஒரு பிள்ளை கடைக்கு வந்தாள். அவளுடைய மாமியாருக்கும் ஏதோ வருத்தம், எண்ணெய் கூடாதாம். "அக்கா, இந்த நெஞ்சு ஏன் தும்பு மாதிரி வருது? நீங்கள் குடுக்கிற கோழி பிழையோ?" என்று முகத்துக்கு நேரே கேட்டாள். முன்பென்றால் அது அதன் குணம் என்று சொல்லியிருப்பேன். கடைக்குள் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி, தட்டுவது, உப்பு, பதினான்கு நிமிடம், வெப்பமானி எல்லாம் சொன்னேன். மணி அடித்த பிறகு எவ்வளவு நேரம் விடவேண்டும் என்று கேட்டாள்.

"மாமியாரை ஒரு கதை சொல்லச் சொல்லும்," என்றேன். "அவா சொல்லி முடிய எடும்."

அவள் சிரித்தாள். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்திருப்பாள். அதனால்தான் இன்று நானும் ஒன்று வைத்தேன், சொன்னது சரிதானா என்று பார்க்க.

இந்தக் கதை உன்னுடையவற்றைவிட நீண்டுவிட்டது. இறைச்சி ஆறியிருக்கும். இப்போது கூடையை இழுத்திருக்கிறேன். வெப்பமானி இழுப்பறையில் இருக்கிறது, அதையும் எடுப்பேன். முதலில் விரலால் அழுத்துகிறேன். குழி விழுந்து, மெல்ல எழும்பி வருகிறது.