சரிவில் உடைத்த தேங்காய்

நேற்று என் கைப்பையைக் குடைந்த மருமகள், சைக்கிள் டயருக்குப் பஞ்சர் ஒட்டும் பசைக் குழாய் ஒன்றை இரண்டு விரலால் பிடித்து வெளியே எடுத்தாள். "என்னம்மா இது? உங்ககிட்ட சைக்கிளே இல்லையேலா!" என்றாள். மூடி விரிசல் விட்டுப் பையெல்லாம் அந்த வாடை. நான் பதில் சொல்வதற்குள் நீ நினைவில் வந்துவிட்டாய். போய் இத்தனை வருஷமாகியும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிற பழக்கம் உனக்குப் போகவில்லை.

பீச் ஸ்திரீட் பக்கத்து வக்கீல் ஆபீசில் நாம் இருவரும் டைப் அடிக்கிற கிராணிகள், குமாஸ்தாக்கள். சின்ன வயதிலேயே போலியோ உன் கால்களைக் கொண்டுபோய்விட்டது. அதற்கும் சேர்த்து உனக்கு வாய் இருந்தது. மடக்கிய சக்கர நாற்காலியோடு, உன் வீடு இருந்த ஜெலுத்தோங்கிலிருந்து திரிஷா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவில் வந்து இறங்குவாய். மத்தியானச் சாப்பாடு மூலையில் இருந்த வாழையிலைக் கடையில். அந்தக் கடை வாசலில் மூன்று படிகள்.

ஆரம்பத்தில் உன்னை நாற்காலியோடு தூக்கினோம். சமையல்காரர், பரிமாறுகிறவர், முதலாளி, நான். "யாராச்சும் வேல் வேல்னு கத்துங்கலா, தைப்பூசம் முடிஞ்ச மாதிரி இருக்கும்" என்பாய். ஒரு நாள் மூன்றாவது படியில் நாங்கள் தடுமாற, உன் செருப்பு நழுவிச் சாம்பார் வாளிக்குள் விழுந்தது. "இனிமே என்னைத் தூக்காதீங்க. சாம்பாருக்காகச் சொல்றேன்" என்றாய்.

அன்றிலிருந்து உனக்குக் கடைக்கு வெளியே, ஐந்தடி நடைபாதையில் ஒரு முக்காலிமேல் இலை போட்டார்கள். நானும் வெளியிலேயே சாப்பிடுகிறேன் என்றேன். "உள்ள ஃபேன் இருக்குடி, நீ போ" என்றாய். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் போனேன். பல மாதம் போனேன்.

ஒரு நாள் வழியே போன பெரியவர் ஒருவர் உன் இலை ஓரத்தில் ஒரு காசை வைத்துவிட்டு நகர்ந்தார். "அண்ணே, உங்க காசு விழுந்திடுச்சி!" என்று தெருவே கேட்கக் கூப்பிட்டாய். அவர் முகம் சிவந்து ஓடியே போனார். எல்லாரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். ஆனால் இலையை மூடிவிட்டாய். சோறு அப்படியே இருந்தது. எனக்கு அன்றைக்குத்தான் நெஞ்சில் சுருக்கென்றது.

மறுநாள் டைப்ரைட்டரில் தாளைச் செருகினாய். ஊனமுற்றவர்கள் உள்ளே வர வழி வைக்க வேண்டும் என்று கட்டட விதிகளில் புதிதாகச் சேர்த்திருந்தது வக்கீல் ஆபீசில் இருந்த நமக்குத் தெரியும். கடை முதலாளிக்கு ஒரு கடிதம், அதிகாரிகளுக்கு ஒரு புகார். புகார் கொடுக்கிற அலுவலகத்துக்கே பதினொரு படி! அதிகாரி இறங்கி வந்து, என் முதுகை மேசையாக்கி, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டார்.

முதலாளிக்குத்தான் மனம் நொந்துவிட்டது. "என்னம்மா, நம்ம கடைலா. எத்தனை தடவை தூக்கிவிட்டிருக்கோம், இப்ப சட்டம் பேசுறீங்களே!"

"அண்ணே, மத்தவங்களையும் தூக்கிக்கிட்டா உள்ள கொண்டுபோறீங்க? அவங்க தானா வர்றாங்கல்ல. எனக்கும் அது போதும்."

அதிகாரி இரண்டு முறை வந்து பார்த்த பிறகு முதலாளி படிகளைப் பெயர்த்து, வாசலின் முழு அகலத்துக்கும் சிமெண்டில் சரிவு போட்டார். போட்ட பிறகு அவருக்கே பெருமை தாங்கவில்லை. நல்ல நாள் பார்த்து, இரண்டு பக்கமும் வாழை மரம் கட்டி, கோலம் போட்டு, சூடம் காட்டி, சரிவின் நடுவிலேயே தேங்காய் உடைத்தார். ஒன்றல்ல, ஒன்பது.

"வாங்கம்மா, உங்க கையால திறப்பு விழா!"

நீ சக்கரத்தை உந்தினாய். பாதிச் சரிவில் "டப்" என்றது. சிரட்டைச் சில்லு டயரைக் கிழித்துவிட்டது. முதலாளி, சமையல்காரர், பரிமாறுகிறவர் மூவரும் ஒரே நேரத்தில் தூக்கக் குனிந்தார்கள்.

"கையை வச்சா கேஸ் போடுவேன்!"

மூன்று பேரும் அப்படியே நின்றார்கள். நாற்காலி பின்னால் உருளாமல் இருக்க ஒரு முழுத் தேங்காயை முட்டுக்கொடுத்தோம். நான் சைக்கிள் கடைக்கு ஓடிப் பசையும் பம்பும் வாங்கி வந்தேன். நீ காட்டின இடத்தில் மட்டும் பிடித்துக்கொள்ள முதலாளிக்கு அனுமதி கொடுத்தாய். சாம்பார்க் கரண்டியால் டயரை நெம்பி, ஆபீஸ் சேலையோடு முட்டிபோட்டு, என் வாழ்நாளின் முதல் பஞ்சரை ஒட்டினேன்.

அதற்குள் மத்தியானக் கூட்டம் வந்துவிட்டது. இரண்டு பக்கம் வாழை மரம், நடுவில் நீ, ஒருவரும் உள்ளே போக முடியவில்லை. சோறு ஆறுகிறதே என்று முதலாளி கடையின் பக்கச் சன்னல் வழியாக இலைகளை வெளியே நீட்டினார். கழுத்துப்பட்டை கட்டிய பேங்கு ஆட்கள்கூட ஐந்தடி நடைபாதையில் நின்றபடி, மோட்டார் புகையோடு ரசம் குடித்தார்கள்.

"என்ன முதலாளி, இப்படி வெளிய நிக்க வச்சிட்டீங்க?" என்று ஒருவர் கத்தினார்.

"இன்னிக்கு ஒரு நாள்தானே அண்ணே" என்றாய் நீ.

காற்றடித்ததும் நீயே உந்தி ஏறினாய். கடை முழுக்கக் காலி. ஃபேனுக்கு நேர்கீழே மேசை பார்த்து உட்கார்ந்தாய். கண் கலங்கியிருந்தது. பிறகு வாசலில் பசைக் கையோடு நின்ற என்னைப் பார்த்து, "உள்ள ஃபேன் இருக்குடி, வா" என்றாய்.

கை கழுவும் தொட்டி உன் தலை உயரத்தில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு ஒரு தாள் எடுத்து வை" என்றும் சொன்னாய்.

இப்போதும் அந்தக் கடையில் பூசைத் தேங்காயை ஓரமாகக் கால்வாய்ப் பக்கம்தான் உடைக்கிறார்கள். ஏன் என்று புது ஆட்களுக்குத் தெரியாது, வழக்கம் என்கிறார்கள்.

நீ போன அன்று நான்கு பேர் உன்னைக் கேட்காமலே தூக்கினார்கள். நீ ஒரு வார்த்தை திட்டவில்லை. அப்போதுதான் நீ நிஜமாகவே போய்விட்டாய் என்று எனக்கு உறைத்தது, நடுத்தெருவில் ஓவென்று அழுதேன்.

இன்று காலையில் புதிதாக ஒரு பசைக் குழாய் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். எந்த வண்டிக்கு என்று சைக்கிள் கடைக்காரர் கேட்டார். பாதிச் சரிவில் யாராவது நிற்பாங்கலா, அவங்களுக்கு என்றேன்.