மீட்டர் ரூமில் பூட்டிய பந்து

கொரட்டூர்,
ஞாயிறு காலை.

அன்பு மகள் ஷோபனாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, நிஷா மூவரும் சுகம், ஜெர்மனிக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாகவே இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவைத் திறந்திருக்கிறேன். போனில் சொல்லலாம், ஆனால் நான் வாயைத் திறந்தாலே உன் அம்மா பின்னாலிருந்து சிரித்துக் கெடுத்துவிடுவாள். போன வாரம் நீ அழுதாயே, பிள்ளை உங்களோடு ஒட்டவே இல்லையே, வேலையை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்று, அதற்குப் பதில்தான் இது. வர வேண்டாம் அம்மாடி. பிள்ளை சிரித்துவிட்டாள்.

உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்கிறேன், திட்டாதே. நீங்கள் பிளேன் ஏறிய நாலாம் நாள் கார் பார்க்கிங்கில் நிஷா உதைத்த பந்து கலியமூர்த்தி சாரின் காரில் பட்டது. ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் அசோசியேஷன் செக்ரட்டரி நான், என் பேத்திக்கு ஒரு நியாயம், மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு நியாயமா என்று ரோஷப்பட்டு பந்தைப் பிடுங்கி மீட்டர் ரூமில் போட்டுப் பூட்டினேன். அது நீ கிளம்பும் முன் வாங்கிக் கொடுத்த பந்து என்று எனக்கு யார் சொன்னார்கள்? அன்றிலிருந்து என்னைத் தாத்தா என்று ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிடுவாள், ஸ்கூல் வேனில் ஏறுவாள், அவ்வளவுதான். வாட்ச்மேன் வேம்புலிகூட, இன்னா சார், பசங்க பந்து ஆடாம கேட்டாண்ட குந்திகினு இன்னா பண்ணும், சாவியக் குடு சார் என்று கேட்டுப் பார்த்தார். ரூல் ரூல்தான் என்றேன். வீம்பு, வேறென்ன.

குழந்தைகள் தினத்துக்கு பார்க்கிங் சுவரில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் போடுவது எங்கள் பிளாக் வழக்கம், செக்ரட்டரி பார்த்துச் சரி சொன்ன படம்தான் ஓடும். இரண்டாம் மாடி ஐ.டி. பையன் அபிஷேக் கொண்டுவந்ததில், பிள்ளைகள் கால்பந்து ஆடும் ஒரு பழைய ஊமைப் படம் இருந்தது, இருபதே நிமிடச் சிரிப்புப் படம். முதல் மூன்று நிமிடம் பார்த்தேன். பிள்ளைகள் வரிசையில் நின்று தொப்பியைக் கழற்றி வணக்கம் வைத்தார்கள். ஒழுக்கமான படம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். நாலாவது நிமிடத்தில் வந்தான் ஐயா ஒரு வீட்டுக்காரன்! என் தொப்பை, என் மீசை, இடுப்பில் என்னைப் போலவே சாவிக்கொத்து. பந்தைப் பிடுங்கிச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு ஓடுகிறான், பின்னால் பிள்ளைகள், ஒரு கோழி, ஒரு போலீஸ்காரர், கடைசியில் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து பந்தோடு மிதக்கிறான். மொத்த பிளாக்கும் திரும்பி என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டது. படத்தில்தான் சத்தமே இல்லையே, அடக்கிய சிரிப்பெல்லாம் நன்றாகவே கேட்டது. அப்போது முன்வரிசையிலிருந்து நம் நிஷா எழுந்து, ஐயோ, எங்க தாத்தா மாதிரியே இருக்காரு என்று கத்தினாள் பார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் பார்! எனக்கு வெட்கமா சந்தோஷமா தெரியவில்லை. இரண்டு மாதம் கழித்து அந்த வார்த்தையைக் கேட்கிறேன் ஷோபனா, கண் கலங்கிவிட்டது. படம் முடியும் முன்பே சாவியை வேம்புலியிடம் கொடுத்தேன். இப்பதான் சார் புத்தி வந்துகீது என்று சொல்லிக்கொண்டே போனார், போகட்டும்.

இப்போது தினமும் ஆட்டம்தான். இரவு உன் அம்மாவைத் தள்ளிவிட்டு என் பக்கத்தில் படுத்துக்கொள்கிறாள். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, ரொட்டியிலேயே காலத்தை ஓட்டாதே, மாப்பிள்ளையைக் காதை மூடிக்கொண்டு வெளியே போகச் சொல். இருவரும் நூறு வயது நிம்மதியாக இருக்க வேண்டும். மறக்காமல் ஒன்று, வீடியோ காலில் அடுப்படி ஜன்னலில் அட்டை ஒட்டியிருப்பது தெரிந்தால் ஏன் என்று கேட்டு வைக்காதே. நேற்று சாயங்காலம் கண்ணாடி உடைந்த சத்தம் கேட்டது, அடுத்த நிமிடம் நிஷா ஓடிவந்து என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, தாத்தா, தாத்தா, செக்ரட்டரிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க என்றாள். நான் சொல்லவில்லை.

உன் அப்பா,
தங்கராஜ்