புரோட்டான் போகும் பக்கம்

பிப்ரவரி 9
மாதிரித் தேர்விலும் அதே கதை. காந்தப்புலத்தில் நுழைந்த புரோட்டான் மேலே வளைய வேண்டும். என்னுடையது கீழே வளைந்தது. எல்லாக் கணக்கிலும் நேர் எதிர். "நீ அனுப்பறது புரோட்டான் இல்லம்மா, எலக்ட்ரான்" என்றார் டியூஷன் சார். வகுப்பில் இருந்த பொடிசுகள் எல்லாம் சிரித்தன. சிரிக்கட்டும்.

கதிர்வீச்சு சிகிச்சைப் பயிற்சிக்கான நுழைவுத் தேர்வு எழுத இதுதான் கடைசி வாய்ப்பு. போன தடவை கவிழ்த்ததும் இயற்பியல்தான்.

பிப்ரவரி 12
சார் குறுக்குவழி சொன்னார். "உனக்குத் தோணறதுக்கு எதிர்ப்பக்கம் எழுதிடு, மார்க் வந்துடும்." மாட்டேன். ஏன் என்று தெரியாமல் திருப்பிப் போட்டுவிட்டு, நாளைக்கு ஒரு நோயாளி பக்கத்தில் எந்த முகத்தோடு நிற்பது?

பிப்ரவரி 13
அண்ணன் வந்தான். "இந்த வயசுல இதெல்லாம் தேவையா? ஆஸ்பத்திரி ரிசப்ஷன்ல உக்காந்தோமா, வந்தோமான்னு இரு." இருக்க மாட்டேன், போ.

பிப்ரவரி 17
சமையலறையில் தங்கைக்குச் சொல்லிக் காட்டினேன். இடக்கை விதி: ஆள்காட்டி விரல் காந்தப்புலம், நடுவிரல் புரோட்டான் போகும் திசை, கட்டைவிரல் அது தள்ளப்படும் பக்கம். சரியாக வந்தது! பேனா எடுத்து வரைந்தேன் — தப்பு. மறுபடியும் தப்பு.

தங்கை என் மணிக்கட்டைப் பிடித்தாள். "அக்கா, எந்தக் கையை நீட்டறே?"

வலது கை! எனக்கு இடக்கைப் பழக்கம். பேனா இடது கையில் இருக்க, சும்மா இருந்த கையை நீட்டியிருக்கிறேன். இத்தனை நாளும்.

பிப்ரவரி 18
"அப்ப வலது கையால எழுதப் பழகு" என்கிறார் சார். எதுக்குப் பழகணும்? பேனாவைக் கீழே வெச்சா போச்சு. மாத்த முடியாதுன்னா முடியாது.

பிப்ரவரி 25
அசையாமல் நிற்கும் புரோட்டானைக் காந்தப்புலம் சீண்டுவதே இல்லை. கிளம்பினால்தான் தள்ளுகிறது. அண்ணன் மாதிரி.

மார்ச் 2
தேர்வு. பேனாவை வைத்துவிட்டு, மூன்று விரல்களை விரித்துக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கண்காணிப்பாளர் ஓடி வந்தார்.

"யாருக்கும்மா சைகை காட்டறே?"

"புரோட்டான் எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்கறேன் சார்."

பேப்பரைப் பிடுங்கிவிடுவேன் என்றார். "பிடுங்கிக்கோங்க. கையை இறக்க மாட்டேன்" என்றேன். கடைசிவரை என் பக்கத்திலேயே நின்றார். நான் விரல்களைப் பார்த்துப் பார்த்தே எழுதி முடித்தேன்.

ஏப்ரல் 21
கதிர்வீச்சுப் பயிற்சியில் முதல் நாள். வருகைப் பதிவேட்டில் பேனாவை வலப்பக்கம் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். என் கைக்கு எட்டவில்லை. அவிழ்த்து இடப்பக்கம் கட்டினேன். பிறகு கையெழுத்துப் போட்டேன்.