மூன்றாம் வண்டியின் ரப்பர்

செவ்வாய்க் கோள், வடபள்ளத்தாக்கு நிலையம்
நாள் 203, மாலை

இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் டாக்டர் எஸ்தலின் மச்சாது, வயது எழுபத்தொன்று, ரப்பர் வேதியியலாளர். இங்குள்ள மூன்று வண்டிகளின் கதவு ரப்பர்கள் என் பொறுப்பு. வெளியே மூச்சுக்குக் காற்றில்லை. உள்ளே இருக்கும் காற்றைப் பிடித்து வைப்பது கதவைச் சுற்றி ஓடும் விரல் தடிமன் கறுப்பு ரப்பர் மட்டுமே.

ஒன்றாம், இரண்டாம் வண்டிகளின் ரப்பரை ஈரத்துணியால் துடைத்து, உலரவிட்டு, ரப்பரைக் கெடுக்காத சிலிக்கோன் கிரீஸ் மெல்லிதாகப் பூசினேன். கடைசியில், வழக்கம்போல், கையுறையைக் கழற்றி வெறும் விரலால் முழுச் சுற்றும் தடவிப் பார்த்தேன். கருவி தவறலாம். என் விரல் தவறியதில்லை.

மூன்றாம் வண்டி போர்வைக்குள் நிற்கிறது. அதற்கு வேலை வரவில்லை, நானும் தொடவில்லை.

குளிருக்கு விரல் மூட்டுகள் மடங்க மறுக்கின்றன. காலையும் மாலையும் தைலம் தேய்க்கிறேன். என் கணவர் இருந்தவரை அவர் தேய்த்துவிடுவார். இப்போது நானே.

நாள் 207, மாலை

ஒன்றாம் வண்டி, ஓட்டுநர் கதவு, கீழ் மூலை: ரப்பர் உப்பியிருக்கிறது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் எழும்ப நேரமாகிறது. மேலே நான் பூசாத ஒரு மினுமினுப்பு.

எண்ணெய் பட்டால்தான் இந்த ரப்பர் இப்படி ஊறும். ஊறிய ரப்பர் கதவை மூடும்போது நசுங்கும், குளிரில் கிழியும்.

வண்டிக்கூடத்துக்குள் வருபவர்கள் இருவரே. நான் ஒருத்தி. மற்றவர் ஓட்டுநர் பூலுடையார்.

நாள் 208, காலை

பூலுடையார் ஓட்டப்பிடாரத்துக்காரர். நல்ல ஓட்டுநர், ஓயாத வாய். தை மாதம் அவர் மகளுக்குத் திருமணம். எங்கள் முறைக்கு ஊர் திரும்பும் விண்கப்பல் அதற்குப் பிறகுதான். ஆனால் இரண்டு வண்டிகள் தகுதியிழந்தால் நிலையத்தை மூடி, எங்கள் இருவரையும் அடுத்த கப்பலிலேயே அனுப்பிவிடுவார்கள். இது அவருக்கும் தெரியும்.

நேராகக் கேட்டேன். எண்ணெய் தடவுவது தன் தலைக்கு மட்டும்தான் என்று சிரித்தார். என்னைப் போன்ற கான்வென்ட் பிள்ளைகள் பிறக்கும்போதே கையில் ஸ்கேலோடுதான் பிறக்குமோ என்றும் கேட்டார். கேள்விக்குச் சிரிப்பைப் பதிலாகத் தருபவர்களை நான் நம்புவதில்லை. அவருடைய தேங்காய் எண்ணெய்ப் புட்டியை வாங்கி என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

இப்போது வறண்ட தலையும் பரிதாப முகமுமாக நடமாடுகிறார். எல்லாம் நாடகம்.

நாள் 212, மாலை

நான் இல்லாத வேளையில் யார் நுழைகிறார்கள் என்று பார்க்க, கூடத்து வாசலில் என் தலைமுடி ஒன்றைக் குறுக்கே ஒட்டி வைத்திருந்தேன். நான்கு நாளும் முடி அறவில்லை. ஆனால் உப்பல் பரவியிருக்கிறது. இரண்டாம் வண்டியிலும் அதே மினுமினுப்பு. முடியைக் கண்டுபிடித்து, எடுத்து, திரும்ப ஒட்டுகிறாரா? அவ்வளவு பொறுமை உள்ளவரா?

மூன்றாம் வண்டியின் போர்வையை விலக்கினேன். கதவிடுக்கில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்தேன். காகிதம் கிழிந்தது, நழுவவில்லை. யாரும் பேணாத வண்டி இரும்புப் பிடி பிடிக்கிறது. மற்ற இரண்டையும் கெடுத்துவிட்டு, இதைத் தனக்கென்று விட்டு வைத்திருக்கிறார்.

நாள் 214, காலை

தண்ணீர் சுத்திகரிப்பானின் வடிகட்டி அடைத்துக்கொண்டது. பூமியிலிருந்து அனுப்பிய, மாற்று வடிகட்டி உள்ள பெட்டி கிழக்கு மேட்டில் இறங்கிக் கிடக்கிறது. வெளியே இறங்கும் உடை நிலையத்தில் கிடையாது; வண்டியின் இயந்திரக் கையால் அள்ளி வந்துவிடலாம்.

மூன்றாம் வண்டியை எடுத்துப் போகட்டுமா என்று பூலுடையார் கேட்டார். எதிர்பார்த்ததுதான். ஒன்றாம் வண்டியைத்தான் எடுக்க வேண்டும் என்றேன். உப்பல் இன்னும் அளவுக்குள் இருக்கிறது, தாங்கும். கெடுத்தவர் அவரானால் ஏற மறுப்பார்.

அவர் மறுக்கவில்லை. கதவு மூலையைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, சரிங்க டாக்டரம்மா என்று மட்டும் சொல்லி ஏறினார். நான் நினைத்ததைவிடக் கெட்டிக்காரர்.

நாள் 214, நண்பகல்

வானொலியில் பூலுடையாரிடமிருந்து வந்த செய்தி: “டாக்டரம்மா, பெட்டிய ஏத்தியாச்சு. கீழ் மூலையில லேசா விசில் கேக்கு. வண்டிக்கும் கலியாண ஆச வந்துட்டு போல.”

அந்த மூலையில் என்ன தடவினீர்கள் என்று கேட்டேன்.

“நான் ஒண்ணும் தடவலம்மா. ரப்பர் கிழிஞ்சிருக்கு, காத்து எறங்குது. இன்ஜினும் நின்னுட்டு. சட்டையக் கழத்தி அடைச்சிருக்கேன். அடைக்கும்போது மோந்து பாத்தேன். தப்பா நெனைக்காதீங்க. ரப்பர்ல உங்க தைல வாசம் அடிக்கி.”

நாள் 214, நண்பகல் கழிந்து

என் கையை முகர்ந்தேன். எந்த வாசனையும் இல்லை. என் மூக்குக்கு அது பழகிப் பல வருடமாகிறது.

தைலமும் எண்ணெய்தான். ஒன்றிலும் இரண்டிலும் என் விரல் தினமும் முழுச் சுற்று ஓடியிருக்கிறது. மூன்றின் ரப்பரில் என் விரல் பட்டதில்லை. வாசலில் முடி அறாமலிருந்தது, வேறு யாரும் வராததால்.

காலையில் அவர் என் கையைப் பார்த்தார். தெரிந்திருக்கிறது. என்னிடம் சொல்ல முடியாமல் ஏறிப் போயிருக்கிறார்.

நாள் 214, குரல் பதிவு, மூன்றாம் வண்டி

நானே ஓட்டுகிறேன். கையுறை போட்டிருக்கிறேன். கதவை முழங்கையால் மூடினேன். அவருடைய சக்கரத் தடத்தின் மேலேயே போகிறேன். பேச்சுக் கொடுத்தபடி வருகிறேன். பதில் பாதி வருகிறது. மகள் பெயர் கேட்டேன். உலகம்மாள் என்றார். திரும்பக் கேட்டேன். மூச்சிரைப்புதான் கேட்டது.

நாள் 214, குரல் பதிவு

ஒன்றாம் வண்டியின் விளக்கு தெரிகிறது. பக்கவாட்டில் ஒட்டி நிறுத்திவிட்டேன். வெளியே அணியும் உடை எங்கள் இருவரிடமும் இல்லை. கதவோடு கதவு பொருத்தி அவரை இந்தப் பக்கம் இழுக்க வேண்டும். இடையில் காற்றைப் பிடிக்க மூன்றாம் வண்டியின் ரப்பர் ஒன்றுதான்.

“ஒட்டிருச்சா... பாத்துச் சொல்லுங்கம்மா. நீங்க சொன்னா தெறக்கேன்.”

நான் சொன்னால். இன்னும் அப்படித்தான் கேட்கிறார்.

காற்றழுத்த அளவுமானி சரி என்கிறது. அளவுமானி தவறலாம். கையுறையின் நுனியை இழுத்துவிட்டேன். பாதி கழன்றுவிட்டது. இல்லை. திரும்பப் போட்டுக்கொண்டேன். இரண்டு கையையும் மடியில் வைத்திருக்கிறேன்.

“ஒட்டியிருக்கு பூலுடையார். தெறங்க.”

தொட்டுப் பார்க்காமல் சொன்னேன்.

அவர் கதவின் கைப்பிடி திரும்புகிறது.