சாம்பல் விழுந்த பாட்டில்

என் செல்லக் கண்ணு,

நானும் அப்பாவும் உன் தங்கையும் இங்கே சுகம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். ஒரு வாரம் முன்பே எழுதியிருக்க வேண்டும், உறுதியாகத் தெரியாமல் மறுபடி உன்னைக் குழப்ப மனசு வரவில்லை. படிப்பை நிறுத்த நீ வாங்கி வைத்திருக்கும் படிவத்தைக் கொடுப்பதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும். நம் கிணற்றுத் தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது. தப்பு என்னுடையது.

போன மாதம் கிணற்றில் ஆர்செனிக் வரம்பைப்போல் மூன்று மடங்கு, மின்நிலையத்தின் சாம்பல் குட்டையிலிருந்து கசிந்து வந்துவிட்டது, இத்தனை வருஷமும் உனக்கு விஷத்தைக் கொடுத்து வளர்த்திருக்கிறேன் என்று போனில் அழுதேனே, அது இப்படி நடந்தது. எங்கள் தண்ணீர் சோதனை லேபில் வேலை சுலபமாகட்டும் என்று, தண்ணீரில் இருப்பது மாறாமலிருக்கப் பாட்டில்களில் முன்கூட்டியே சில சொட்டு அமிலம் விட்டு அடுக்கி வைப்போம். தெளிந்த குழாய்த் தண்ணீருக்கு அது போதும். அதே பாட்டிலை வீட்டுக்கு எடுத்து வந்து, வாசலில் கிடந்த வாளியால் இறைத்து அப்படியே ஊற்றிவிட்டேன். காற்றில் வந்த சாம்பல் வாளியின் அடியில் படிந்திருந்ததைப் பார்க்கவில்லை. பாட்டிலுக்குள் போன அந்தச் சாம்பல், லேப் திறக்கும் வரை சனி ஞாயிறு முழுக்க அமிலத்தில் ஊறியிருக்கிறது. சாம்பலோடு ஒட்டிக் கிடந்த ஆர்செனிக்கை நானே கறந்து எடுத்து, பழியைக் கிணற்றின் தலையில் போட்டிருக்கிறேன்! முதலில் வடிகட்டு, பிறகு அமிலம் விடு என்பது கல்லூரியில் முதல் வருஷப் பாடம். நீ குடித்து வளர்ந்த தண்ணீர் என்றதும் படித்ததெல்லாம் பறந்துவிட்டது.

அந்தப் பாட்டிலைக் கழுவப் போனபோதுதான் அடியில் வண்டல் தெரிந்தது. வாளியைத் தேய்த்துக் கழுவி, வடிகட்டி, மூன்று நாள் தனித்தனியாக எடுத்தேன். என் மேல் எனக்கே நம்பிக்கை இல்லாமல் கூட வேலை செய்யும் அக்காவிடம் சோதிக்கக் கொடுத்தேன். மூன்றிலும் வரம்பில் பாதிகூட இல்லை.

என் பேச்சைக் கேட்டுக் கிணற்றுத் தண்ணீரையே விட்டிருந்த தெருவில் வீடு வீடாகப் போய் உண்மையைச் சொன்னேன். எதிர்வீட்டுத் தையல்காரர், ஒரு மாசமா தெருக்கோடிக் குழாயிலேர்ந்து குடம் குடமா சுமக்க விட்டுட்டு இப்ப வாளி அழுக்குன்னா எப்படிம்மா, என் இடுப்பை எந்த லேப்ல காட்டறதுன்னு கேட்டார். அப்பா சும்மா இருப்பாரா, இவ தப்புன்னு ஒத்துக்கிட்டதை நான் பார்க்கறதே இதுதான் முதல் தடவை, இதுக்கு ஒரு இடுப்பு போனாப் பரவாயில்லைன்னார். தையல்காரரே சிரித்துவிட்டார்.

சாம்பலில் விஷம் இருப்பது பொய்யில்லை கண்ணு, அமிலம் கலந்த தண்ணீர் பட்டால் வெளியே வரும் என்று என் பாட்டிலே காட்டிவிட்டது. அதனால் கிணறுகளுக்கு மூடி போடுகிறோம், மாதாமாதம் எல்லாக் கிணற்றையும் சோதிப்பதாக ஏற்றுக்கொண்டேன். வாளியை இனித் தானே கழுவுவதாகச் சொல்கிறார் தையல்காரர்.

வேலைக்குப் போய் எங்களை வேறு ஊருக்குக் கூட்டிப்போகிறேன் என்றாயே, அந்த மனசே எனக்குப் போதும். பத்தொன்பது வயதில் உன்னை மடியில் போட்டுக்கொண்டு பரீட்சைக்குப் படித்தவள் நான். நீ பாதியில் விடாதே. பழைய சோதனைத் தாள், புதிய தாள் இரண்டின் நகலும் இதோடு இருக்கின்றன. அம்மா சொல்கிறாள் என்று நம்ப வேண்டாம், எண்களை நீயே பார்.

நோய் நொடி இல்லாமல், நினைத்ததைப் படித்து முடித்து நன்றாக இரு. இது கிடைத்த மறுநாளே வகுப்புக்குப் போ, மறக்காதே.

உன்னை வீணாகப் பயமுறுத்திய,
அம்மா